சாணித் தாளில் சுற்றிய அரிவாள்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு டிவியில் "சாணிக் காயிதம்" என்று ஒரு படம் போட்டான். படம் பழசுதான், 2022 மே மாதம் வந்தது. தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. பெயரைப் பார்த்துத்தான் நான் உட்கார்ந்தேன். எங்கள் கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டுகளுக்கு உறை போட அந்த மாதிரி பழுப்புத் தாள்தான் வரும். சொரசொரப்பாக இருக்கும், ஓரம் கையைக் கீறும். சாணித் தாள் என்போம். இருபது வருஷத்துக்கு மேல் அதைத் தொட்டுப் பிழைத்தவனுக்குப் படத்தின் பெயரே சொந்தக்காரன் மாதிரி தெரிந்தது.

அருண் மாதேஸ்வரன் எடுத்த படம். கீர்த்தி சுரேஷும் செல்வராகவனும் நடித்திருக்கிறார்கள். பொன்னி என்ற பெண் போலீஸ் கான்ஸ்டபிள். கணவன் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறவன். மில்காரர்களோடு ஏற்பட்ட தகராறில் அவர்கள் பொன்னியைச் சீரழித்து, குடிசையோடு அவள் கணவனையும் சிறு மகளையும் எரித்துவிடுகிறார்கள். சட்டம் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. அப்பா வழியில் அண்ணன் முறையாகிற சங்கையாவைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கொல்கிறாள். கதை இவ்வளவுதான். மீதி எல்லாம் ரத்தம்.

ஆணும் பெண்ணுமாக இருவர் வண்டியில் ஏறிக் கொலை செய்துகொண்டே போகிற கதை அமெரிக்கச் சரக்கு. போனி பார்க்கர், கிளைட் பாரோ என்று நிஜமாகவே ஒரு ஜோடி இருந்தது. கடைகளிலும் வங்கிகளிலும் கொள்ளையடித்து, குறுக்கே வந்த போலீஸ்காரர்களைச் சுட்டு, கடைசியில் 1934 மே 23-ஆம் தேதி லூசியானாவில் பதுங்கியிருந்த போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. பிணத்தைப் பார்க்கக் கூடிய கும்பல் நினைவுப் பொருளாக அவர்களின் தலைமுடியையும் துணியையும் வெட்டி எடுக்கப் பாய்ந்ததாம். 1967-இல் ஆர்தர் பென் அதைப் படமாக எடுத்தார். அதற்குப் பிறகு அந்த அச்சில் வார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. நம்மூருக்கு வரும்போது காதலர்கள் அண்ணன் தங்கையாகிவிட்டார்கள். "பாசமலர்" பார்த்து அழுத தலைமுறை நாங்கள். பாசமலருக்கு இப்படி ஒரு மறுபிறவி கிடைக்கும் என்று யார் நினைத்தது?

படத்தில் நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். யாமினி யக்ஞமூர்த்தி என்ற பெண் ஒளிப்பதிவாளர் அந்தக் காய்ந்த பூமியை எடுத்திருக்கும் விதம் கண்ணில் நிற்கிறது. "நடிகையர் திலகம்" படத்தில் சாவித்திரியாக வந்த பெண்ணா இது என்று என் மனைவி இரண்டு தடவை கேட்டாள். முதல் பகுதியில் கீர்த்தி சுரேஷ் பேசாமல் நிற்கும் இடங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

கதை 1980-களில் நடப்பதாகக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் பெண்களைப் போலீசில் முதல் தடவையாகச் சேர்த்தது 1973-இல். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஹெட் கான்ஸ்டபிள், 20 கான்ஸ்டபிள்கள், மொத்தம் 22 பேர். மகளிர் காவல் நிலையம் என்று ஒன்று சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது 1992-இல்தான். ஆக, பொன்னி காக்கிச் சட்டை போட்ட காலத்தில் ஒரு கிராமத்துக்கு அவள் அதிசயம். தான் வேலை பார்க்கிற நிலையத்திலேயே தன் புகாருக்கு மதிப்பில்லை என்று அவள் தெரிந்துகொள்கிற இடம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையின் உயிர். புகார் எழுதுகிற கையும் அவளுடையது, புகார் கொடுக்க வேண்டியவளும் அவள். இதை வைத்து எவ்வளவு சொல்லியிருக்கலாம்! படம் அதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறது. பிறகு அத்தியாயம் அத்தியாயமாக ஆள் வருகிறான், சாகிறான். அடுத்தவனை எப்படிக் கொல்லப்போகிறார்கள் என்று எதிர்பார்த்து நானும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு கணம் அதை உணர்ந்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. செத்துப்போன அந்தக் குழந்தையை அரை மணி நேரமாக நான் நினைக்கவே இல்லை.

நாங்களும் பயமுறுத்துகிற படங்கள் பார்த்தவர்கள்தான். 1978-இல் "சிகப்பு ரோஜாக்கள்", 1984-இல் "நூறாவது நாள்". மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் வந்து நின்றதை நினைத்தால் இப்போதும் வயிற்றில் ஏதோ செய்யும். இரண்டாவது ஆட்டம் முடிந்து இருட்டில் சைக்கிளில் வீடு திரும்பும்போது பின்னால் யாரோ வருவது போலவே இருக்கும். அந்தப் படங்களில் கொலைகாரனைக் கண்டு பயந்தோம். இதில் நம்மைக் கொலைகாரர்களோடு வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அது பெரிய வித்தியாசம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முன் பல வருஷம் கோர்ட்டில் சொத்து கிளார்க்காக இருந்தேன். சொத்து என்றதும் நிலம் நீச்சு என்று நினைக்க வேண்டாம். வழக்கில் கைப்பற்றிய பொருள்கள். சா.பொ.1, சா.பொ.2 என்று தீர்ப்பில் வருமே, அவை. வெட்டரிவாள், கடப்பாரை, மண்வெட்டிக் காம்பு, அம்மிக் குழவி, ரத்தக்கறை படிந்த லுங்கி, கிழிந்த ரவிக்கை, ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றிலும் குற்ற எண் எழுதிய சீட்டு நூலால் கட்டியிருக்கும். சீட்டில் மகஜர் சாட்சிகளின் கையெழுத்து. தடய அறிவியல் கூடத்துக்குப் போய் அரக்கு முத்திரையோடு திரும்பி வரும். அதைச் சாணித் தாளில் சுற்றி அலமாரியில் வைப்போம்.

சினிமாவில் அரிவாள் மின்னும். எங்கள் அறையில் ஒரு அரிவாளும் மின்னியதில்லை. பெரும்பாலும் கரும்பு வெட்டவும் தென்னை மட்டை கழிக்கவும் வைத்திருந்த அரிவாள். துரு ஏறி, பிடியில் செல் அரித்திருக்கும். விசாரணை நாளில் அதை எடுத்துப் போய் மேஜை மேல் வைப்பேன். "இதுதானா பார்த்துச் சொல்லும்மா" என்று வக்கீல் கேட்பார். அந்த அம்மா பார்க்க மாட்டாள். பார்க்காமலே "ஆமாங்க" என்பாள். பார்த்துச் சொல்லச் சொல்லி மறுபடி கேட்பார்கள். அரிவாளைப் பார்த்துவிட்டு அவள் கண்ணை எடுக்கிற அந்த அரை நொடியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எந்தப் படத்திலும் அது வந்து நான் பார்த்ததில்லை.

கொன்றவர்களையும் பார்த்திருக்கிறேன். பழிக்குப் பழி என்று போனவர்களில் ஒருவன் முகத்திலும் அந்தப் படத்தில் வருகிற தெளிவு கிடையாது. அண்ணனை வெட்டியவனை வெட்டிவிட்டு வந்தவன் கூண்டில் நின்றுகொண்டு, வாசலில் அண்ணன் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்ப்பான். அவர்களுக்குச் சோறு போட இனி யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கும்.

இதையெல்லாம் படம் முடிந்ததும் வீட்டில் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். என் மனைவி வழக்கமாக இப்படிப்பட்ட படம் என்றால் எழுந்து போய்விடுவாள். அன்று கடைசி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவனுங்களுக்கு அதுவே பத்தாதுங்க" என்றாள்.

ஐம்பது வருஷமாக எறும்புப் புற்றைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போகிறவள். தினமும் சாயங்காலம் ஆசிரமத்தில் வேத பாராயணத்துக்குப் போய் உட்காருகிறவள். எனக்குத் திகைப்பாகப் போயிற்று. என்ன இப்படிச் சொல்கிறாய் என்றேன்.

"நீங்க ரூமுக்குள்ள அரிவாளத்தான் பார்த்தீங்க. அந்தப் பொண்ணுங்க எத்தனை பேருக்குத் தீர்ப்பு கிடைச்சுதுன்னு எண்ணிப் பார்த்தீங்களா?"

எண்ணியதில்லை. ஆனால் ஒருத்தி ஞாபகம் வந்தாள். ஊர் பெயரோ ஆள் பெயரோ சொல்ல மாட்டேன். சட்டமும் சொல்லக் கூடாது என்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பஸ் பிடித்து வருவாள். தூக்குச் சட்டியில் பழைய சோறு. எதிர்த் தரப்பு வக்கீல் வரவில்லை, நீதிபதி விடுப்பு, டாக்டர் சாட்சிக்கு சம்மன் போகவில்லை என்று ஏதாவது ஒன்று. புங்கமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். கடைசியில் சாட்சி சொன்ன அன்று ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார்கள். நாலு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள். வழக்கு விடுதலையில் முடிந்தது. சேலையை நான்தான் அலமாரியிலிருந்து எடுத்து, அப்பீல் காலம் கழிந்ததும் உத்தரவுப்படி அழித்தேன். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை என்பதுதான் உண்மை. மனைவி கேட்டபோதுதான் நினைத்தேன்.

படத்தில் குடிசை எரியும்போது என் வயதுக்காரர்களுக்குக் கீழ்வெண்மணி ஞாபகம் வராமல் இருக்காது. 1968 டிசம்பர் 25, ஒரே குடிசைக்குள் 44 பேர். அந்த வழக்கிலும் நிலச்சுவான்தாரை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1980-இல் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டம் கைவிட்ட இடத்தில் அரிவாள் வருகிறது என்று படம் சொல்வது கற்பனை இல்லை. அதை மறுத்து நான் எழுதினால் பொய்யாகிவிடும்.

மறுநாள் சாயங்காலம் சேஷாத்திரி ஆசிரமத்தைத் தாண்டி இருக்கிற டீக்கடையில் எங்கள் வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ரமண பக்தர். அவர் உடனே 1924-ஆம் வருஷத்துக் கதைக்குப் போனார். இந்தப் பகுதியில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜூன் 26 ராத்திரி, அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் கூரைக் கொட்டகையாக ஆசிரமம் இருந்த காலம். திருடர்கள் வந்து ஜன்னலை உடைத்தார்கள். கூரைக்குத் தீ வைப்போம் என்று மிரட்டினார்கள். வேண்டாம், நாங்களே வெளியே வந்துவிடுகிறோம், நீங்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பகவான். வெளியே வந்தவர்களை வாசலில் நின்று அடித்தார்கள். பகவானுக்கும் தொடையில் அடி. அது போதாவிட்டால் இன்னொரு காலிலும் அடிக்கலாம் என்று சொன்னாராம். ஒரு சீடர் கோபத்தில் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தபோது தடுத்துவிட்டார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லை உடைத்தா போடுகிறோம் என்பது அவர் கேட்டது. உள்ளே திருடர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் அரிசி, மாம்பழம், சில்லறை ரூபாய்.

"இதுக்கு மேல என்னய்யா வேணும்? பொன்னிக்கு இந்தக் கதையைச் சொல்லணும்" என்றார் வாத்தியார்.

எனக்கு அது ஒப்பவில்லை. பகவான் மன்னித்தது தன் தொடையில் விழுந்த அடியை. இன்னொருத்தியின் பிள்ளை எரிந்ததற்கு அவரை மேற்கோள் காட்டி, நீ பேசாமல் இரு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பக்தி உள்ளவர்கள் கோபிக்கக் கூடாது, ஆனால் இந்தக் கதையை நாம் பெரும்பாலும் அடுத்தவரை அடக்கத்தான் எடுக்கிறோம். இன்னொன்றையும் வாத்தியார் விட்டுவிட்டார். அன்று ராத்திரியே சீடர் ஒருவர் ஊருக்குள் ஓடி ஆள் கூட்டி வந்தார், போலீஸ் வந்தது, சில நாளில் திருடர்களைப் பிடித்துத் தண்டனையும் கொடுத்தார்கள். சாமியார் மன்னித்தார், சர்க்கார் தன் வேலையைச் செய்தது. பொன்னியின் கதையில் இரண்டாவது பாதி கிடையாது.

அப்படியானால் படத்தின் மேல் எனக்கு என்ன குறை என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. வாச்சாத்தியைச் சொன்னேன்.

தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்துக் கிராமம். இங்கிருந்து தானிப்பாடி வழியாகப் போனால் அரை நாள்கூட ஆகாது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்களையே கைது செய்து சிறைக்குக் கொண்டுபோனார்கள். பொன்னிக்கு நடந்ததைவிட எதில் குறைச்சல்? அங்கே செய்தவர்களே சட்டம்.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் கூட நின்றார்கள். சி.பி.ஐ. வந்தது. அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று, கோர்ட்டில் ஏறி, இவன்தான் இவன்தான் என்று காட்டினார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-இல். 19 வருஷம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுபடவில்லை. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023-இல் நேரில் அந்தக் கிராமத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு, செப்டம்பர் 29-ஆம் தேதி தண்டனைகளை உறுதி செய்தார். ஆளுக்குப் பத்து லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். நடந்ததிலிருந்து 31 வருஷம்.

இத்தனை நாள் கோர்ட்டில் வேலை பார்த்த எனக்கு, 31 வருஷம் என்பது பெருமைப்பட வேண்டிய எண் இல்லை என்று தெரியும். 54 பேர் தீர்ப்பைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால் என் மனைவி சொன்னதும் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு மனசோடு கிளம்பி வந்திருப்பார்களே, அந்த மனசைப் படம் எடுக்கிறவர்கள் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்? பொன்னிக்கு இரண்டே வழிதான், ஒன்று அழுவது, இல்லாவிட்டால் வெட்டுவது என்று கதையைக் கட்டிவிட்டால், மூன்றாவதாக ஒன்றைச் செய்து காட்டியவர்கள் இருந்த சுவடே இல்லாமல் போகிறது. என் குறை ரத்தத்தில் இல்லை, அதில்தான்.

"வாய்தாவை எல்லாம் யாருய்யா காசு கொடுத்துப் பார்ப்பான்?" என்றார் வாத்தியார்.

"ஜெய் பீம்" பார்த்தார்களே! அதே அமேசான் பிரைமில், 2021 நவம்பரில், இந்தப் படத்துக்கு ஆறே மாதம் முன்னால். நீதிபதி சந்துரு வக்கீலாக இருந்தபோது நடத்திய உண்மை வழக்கு. ஆட்கொணர்வு மனு, குறுக்கு விசாரணை, ஒத்திவைப்பு எல்லாம் அதில் இருக்கிறது. என் பேரன் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறான். வாத்தியாரும் பார்த்திருக்கிறார். டீயைக் குடித்துவிட்டு, சரி, அது சூர்யாவுக்காக, என்றார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

வீட்டில் இதோடு முடியவில்லை. நாங்கள் படம் பார்த்த ராத்திரி, தூங்கிவிட்டாள் என்று நினைத்த ஒன்பது வயதுப் பேத்தி கதவு ஓரத்தில் நின்று கொஞ்சம் பார்த்திருக்கிறாள். இரண்டு ராத்திரி பாட்டி பக்கத்திலேயே படுத்தாள். தியேட்டர் என்றால் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் பிள்ளையைப் பார்த்து, "ஏ படம் சார்" என்றாவது ஒரு வார்த்தை சொல்வான். கூடத்தில் இருக்கிற டிவிக்கு அப்படி ஆள் கிடையாது. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி இந்தத் தளங்கள் ஒவ்வொரு படத்துக்கும் வயது வரம்பு போட வேண்டும், பிள்ளைகள் பார்க்காதபடி பூட்டுகிற வசதியும் கொடுக்க வேண்டும். வசதி இருக்கத்தான் செய்கிறது. படம் தொடங்கும்போது எழுத்து ஒன்று மூலையில் வந்து போயிற்று, கண்ணாடி போடாததால் எனக்குத் தெரியவில்லை.

பேரனிடம் அந்தப் பூட்டைப் போடச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் போட்டுவிட்டான். மறுநாள் அவன் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு "நூறாவது நாள்" இருக்கிறதா என்று தேடிக்கொண்டே ஏதோ ஒரு படத்தை அழுத்தினேன். பின் நம்பர் கேட்கிறது. போன் போட்டுக் கேட்டால், "தாத்தா, பாட்டிகிட்ட சொல்லியிருக்கேன்" என்கிறான். அவள் இதுவரை சொல்லவில்லை.